பத்தாவது நிமிஷம்

குதிரையின் ரத்தப் பரிசோதனைக்கு நான் கடிகாரம் பிடித்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. "ரத்தம் எடுக்க ஊசி வேணும், கடிகாரம் எதுக்கு?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம் வீட்டுக் கூடம் வரைக்கும் வருகிறது.

2023 ஏப்ரலில் தங்கையின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தேன். டெவன் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். சுற்றிலும் பச்சைப் புல்வெளி, நடுவில் நாலைந்து வீடுகள். பெண் குழந்தை பிறந்தது. பூண்டுக் குழம்பும் சீரகக் கஷாயமுமாக நான் பத்தியச் சமையலில் மும்முரமாக இருந்தபோது, பின்பக்க வேலியில் தினமும் ஒரு மட்டக் குதிரை வந்து தலையை நீட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவுடையது. பெயர் பிஸ்கட். நிறமும் அதேதான்.

பிஸ்கட்டுக்கு வயசு 21. பார்த்த முதல் நாளே எனக்கு ஒன்று உறுத்தியது. மே மாதம், அந்த ஊருக்கு வெயில் காலம். மற்ற குதிரைகளெல்லாம் குளிர்காலத்து ரோமத்தை உதிர்த்துவிட்டு எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று இருக்க, இது மட்டும் கம்பளி போர்த்தியதுபோல் சுருள் சுருளான ரோமத்தோடு வியர்த்து நின்றது. முதுகுச் சதை வற்றி, வயிறு தொங்கியிருந்தது. தண்ணீர் வாளியைக் காலி செய்தபடியே இருந்தது. "பாவம், வயசாச்சு" என்றேன். "வயசு மட்டுமில்லேக்கா, மூளைக்குள்ள இருக்கிற ஒரு சுரப்பி கெட்டிருக்குமோன்னு சந்தேகப்படறாங்க" என்றாள் தங்கை.

பிட்யூட்டரி என்ற அந்தச் சுரப்பி நமக்கும் உண்டு. நமக்குப் பட்டாணி அளவு. உடம்பின் மற்ற சுரப்பிகளுக்கு ஆணை போடும் மேஸ்திரி அது. குதிரைக்கு வயதாகும்போது அதன் நடுப்பகுதிக்குக் கடிவாளமாக இருக்கும் நரம்புகள் தேய்ந்துபோகின்றன. டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரந்து, 'போதும், நிறுத்து' என்று சொல்லும் நரம்புகள் அவை. கடிவாளம் அறுந்தால் குதிரை என்ன செய்யும்? சுரப்பியும் அதையே செய்கிறது. ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனையும் அதன் கூட்டாளிகளையும் கட்டுப்பாடில்லாமல் ரத்தத்தில் கொட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் எடுத்த ஒரு கணக்கில், 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருந்ததாம். மிருக வைத்தியர்கள் பி.பி.ஐ.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

ரோமம் உதிராததும் சதை வற்றுவதும் பார்வைக்குத்தான் கஷ்டம். குளம்பில் வரும் கஷ்டமே வேறு. நம் நகத்துக்கும் அடியிலுள்ள சதைக்கும் நடுவே புண்ணாகி நகம் கழன்றால் எப்படி இருக்கும்? அந்த நகத்தின் மேல்தான் முழு உடம்பும் நிற்க வேண்டும் என்றால்? இதற்கு லாமினைட்டிஸ் என்று பெயர். பி.பி.ஐ.டி. உள்ள குதிரைகளுக்கு இது சுலபமாக வந்துவிடும். 2022 டிசம்பரில் பிஸ்கட்டுக்கு ஒரு முறை வந்து, இரண்டு வாரம் லாயத்தில் படுத்தே கிடந்ததாம். இன்னொரு முறை வந்தால் ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அதற்குச் செய்யும் கருணை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கணவரும் போய், பிள்ளைகளும் தூரதேசத்தில் இருக்க, பாட்டியம்மாவுக்கு இருந்த ஒரே துணை அதுதான். இதை என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. தேநீர்க் கோப்பையை மட்டும் மூன்று தடவை கழுவினார்.

"மருந்து இருக்குன்னா கொடுத்துட வேண்டியதுதானே, பரிசோதனை எதுக்கு?" என்று தங்கையிடம் கேட்டேன். மாத்திரையை ஆயுசு முழுக்க, ஒரு நாள் விடாமல் கொடுக்க வேண்டும். பென்ஷனில் காலம் தள்ளுகிற அம்மாளுக்கு அது லேசான செலவில்லை. நோய் இல்லாத குதிரைக்குக் கொடுத்தால் பணமும் போச்சு, பசியும் போச்சு. நோய் இருந்து கொடுக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் குதிரையே போச்சு. 2022 அக்டோபரில் எடுத்த ரத்தமோ இரண்டுங்கெட்டானாக வந்திருந்தது. இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் முதல் கடிகாரம் வருகிறது. கடிகாரம் என்பதைவிடக் காலண்டர் என்று சொல்லலாம். ஆகஸ்ட் பிறந்து பகல் குறுகத் தொடங்கியதும், ஆரோக்கியமான குதிரைக்கும் ஏ.சி.டி.எச். தானாகவே ஏறுமாம். குளிருக்கு முன்னால் ரோமம் வளர்த்து, கொழுப்புச் சேர்த்துக்கொள்ள உடம்பு செய்கிற ஏற்பாடு அது. நவம்பருக்குள் இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால், இந்த ஏற்றம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் வரும். ஆகவே மே மாதத்தில் 'அதிகம்' என்று சொல்லும் எண், செப்டம்பரில் சாதாரண எண்ணாக இருக்கலாம். ஆய்வகங்கள் மாதத்துக்குத் தக்கபடி எல்லையை மாற்றி வைத்துக்கொண்டுதான் பார்க்கின்றன. அப்படிப் பார்த்தும் பிஸ்கட்டின் எண் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அதனால் டாக்டரம்மா குளிர்காலம் முழுவதும் தீவனத்தைக் கட்டுப்படுத்தி, குளம்பு வலி நன்றாகத் தணியும்வரை காத்திருந்து, மே மாதத்தில் வேறொரு பரிசோதனை வைத்தார்.

இந்த இரண்டாவது பரிசோதனைக்கு முதலில் சும்மா ஒரு ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை நரம்பில் ஏற்ற வேண்டும். அது பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பும். சரியாகப் பத்தாவது நிமிஷத்தில் மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

'சரியாக' என்ற அந்த வார்த்தையை டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். அதை நான் அடுப்படி பாஷையில் புரிந்துகொண்டேன். அடுப்பில் பால் வைத்தால் என்ன ஆகும்? சட்டென்று பொங்கும், இறக்கினதும் அடங்கிவிடும். நல்ல குதிரைக்கும் இந்த ஊசியால் கொஞ்சம் பொங்கும், ஆனால் சீக்கிரம் அடங்கும். கடிவாளம் அறுந்த குதிரைக்குப் பொங்கி வழியும், அடங்க நேரமாகும். உச்சிக்குப் போவது ஊசி போட்ட சில நிமிஷங்களிலேயே. அதன் பிறகு நிமிஷத்துக்கு நிமிஷம் எண் மாறிக்கொண்டே வரும். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால், நல்ல குதிரையின் ரத்தமும் நோயாளியின் ரத்தம் மாதிரி தெரியும். பேச்சு சுவாரஸ்யத்தில் பிந்தி எடுத்தால், நோய்க் குதிரை நல்ல குதிரையாகிவிடும். இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று ஆய்வகம் வைத்திருக்கும் எல்லை, பத்தாவது நிமிஷத்து ரத்தத்துக்கு மட்டும் வைத்த எல்லை. பன்னிரண்டாவது நிமிஷத்து ரத்தத்தை அதோடு ஒப்பிடுவது, படியால் அளந்த அரிசியைக் கிலோ விலைக்குக் கேட்பது போலத்தான்.

(நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, அதுவும் இதே கதைதான். அந்த 140 என்ற எல்லை 2 மணி நேரத்துக்கு உண்டானது. ஒன்றரை மணியில் "சீக்கிரம் எடுத்துடுங்க சிஸ்டர், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெஞ்சாதீர்கள், அடுத்த பஸ்ஸில் போகலாம்.)

அன்று காலை மெல்லிய தூறல். பாட்டியம்மாவுக்குக் கைவிரல் மூட்டுகள் வீங்கியிருந்தாலும் தலைக்கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தங்கை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா தன் போனில் நேரம் வைத்துக்கொண்டார். ஆனாலும் என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு கடிகாரம் பாருங்கள். ஒன்பது நிமிஷம் ஆனதும் உரக்கச் சொல்லுங்கள்" என்றார். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதியை அவர் ஒன்பது விரல் காட்டி விளக்கினார்.

குதிரையை லாயத்தில் அரைமணி நேரம் அமைதியாக நிற்கவிட்ட பிறகுதான் தொடங்கினார். ஓட்டமும் பதற்றமும் கூட இந்த ஹார்மோனை ஏற்றிவிடுமாம். முதல் ரத்தம் ஊதா மூடி போட்ட குழாயில் போயிற்று. பிஸ்கட் சின்ன உடம்பு என்பதால் அரை மில்லிகிராம் மருந்து, பெரிய குதிரைக்கு ஒரு மில்லிகிராம். ஊசி ஏறியதும், "இப்போது" என்றார். என் வாட்சில் 10 மணி 42 நிமிஷம் 15 விநாடி.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிஸ்கட் மேல் உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டி, சிரிப்பது போல் நின்றது. பிறகு ஒரு கொட்டாவி. இன்னொரு கொட்டாவி. இருமல். நான் பயந்தே போனேன். அந்த மருந்துக்கு அப்படித்தான் ஆகும், சில நிமிஷத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. அதைப் பார்த்து எனக்கும் கொட்டாவி வந்தது. ஆனால் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏழாவது நிமிஷத்தில் தபால் வண்டி வந்து வாசல் கேட்டைப் படாரென்று சாத்தினான் பையன். குதிரை தலையைத் தூக்கியது. பாட்டியம்மா அதன் காதருகே ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நம் ஊரில் பசுவுக்குப் பால் கறக்கும்போது பேசுவார்களே, அந்தக் குரல். "ஒன்பது!" என்று கத்தினேன். டாக்டரம்மா கழுத்து நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியோடு தயாரானார். 10 மணி 52 நிமிஷம் 15 விநாடிக்கு ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. குழாயின் மேல் நேரத்தை எழுதினார். ஐஸ் பொட்டலம் நேரே படாமல் துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். இந்த ஹார்மோன் வெதுவெதுப்பில் சீக்கிரம் சிதைந்துவிடும். உறைந்துபோனாலும் ரத்தம் கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் அதைச் சுழற்றித் தெளிநீரைப் பிரித்தாக வேண்டும். பாட்டியம்மா கேக் வெட்டி வைத்திருந்தும் டாக்டரம்மா உட்காரவில்லை. கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவை எப்படித்தான் எண்ணுகிறார்களோ என்று ராத்திரி வியந்தபோது தங்கை சொன்ன ஒரு செய்தி, பெண்கள் பத்திரிகையில் அவசியம் வர வேண்டியது. ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் வழியை 1950-களில் சாலமன் பெர்சன் என்ற டாக்டரோடு சேர்ந்து கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ரோசலின் யாலோ. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 1977-ல் அவருக்கு வைத்தியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியத்தில் அந்தப் பரிசு பெற்ற இரண்டாவது பெண் அவர். அதே வருஷம் அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட கியுமாவும் ஷாலியும், ஆட்டு மூளையிலிருந்தும் பன்றி மூளையிலிருந்தும் பிரித்தெடுத்ததுதான் பிஸ்கட்டுக்குப் போட்ட அந்த டி.ஆர்.எச். பரிசோதனை மருந்தும் அளவுகோலும் ஒரே மேடையில் பரிசு வாங்கியிருக்கின்றன!

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஊசிக்கு முன்னால் 28 பிக்கோகிராம், அதாவது நல்ல பெண் போல் அடக்கமாக. பத்தாவது நிமிஷத்தில் 410. சந்தேகத்துக்கு இடமில்லை, நோய்தான். முதல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் மறுபடியும் இரண்டுங்கெட்டான்தான். பாட்டியம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இனி என்ன செய்வதென்று தெரியும்" என்றார். நோய் என்று கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

பெர்கொலைடு என்ற மாத்திரை, தினம் பாதி. டோபமைன் செய்யும் வேலையை அது செய்யும். முன்பு மனிதர்களுக்குப் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்து வந்த மருந்துதான். இதய வால்வைக் கெடுக்கிறது என்று 2007-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். பாட்டியம்மா வெளியூர் போகும் நாட்களில் மாத்திரையைத் தங்கை ஆப்பிளில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. டாக்டரம்மா தங்கையின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கையுறை இல்லாமல் அதைத் தொடக்கூடாது, பொடி செய்யவும் கூடாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினை அந்த வகை மருந்து அடக்கிவிடும். நம் ஊரில் பாலை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் கேபர்கோலினும் இதே வகைதான். ஆகவே ஆப்பிள் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. முதல் வாரம் பிஸ்கட்டுக்குப் பசியே இல்லை, வைக்கோல் அப்படியே கிடந்தது. டாக்டரம்மா அளவைக் குறைத்து, மெல்ல மெல்ல ஏற்றினார். செப்டம்பரில் நான் ஊருக்குக் கிளம்பும்போது வயிற்றுப் பக்கத்துச் சுருள் ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. தண்ணீர் வாளி சாயங்காலம் வரை பாதி நிறைந்தே இருந்தது.

ஊர் திரும்பியபோது மதுரையில் என் நாத்தனார் உடம்பு சரியில்லாமல் இருந்தாள். 36 வயசு, இரண்டு பிள்ளைகள். நாலு மாதமாகச் சோர்வு, எழுந்தால் தலைசுற்றல், எடையும் குறைந்திருந்தது. டாக்டர் பல பரிசோதனைகளோடு கார்ட்டிசாலும் எழுதியிருந்தார். பிட்யூட்டரி அனுப்பும் ஏ.சி.டி.எச்.சின் ஆணைப்படி அட்ரினல் சுரப்பி சுரப்பது அது. மனிதர்களுக்குக் காலையில் உச்சத்தில் இருக்கும், நடுராத்திரியில் அடிமட்டத்துக்குப் போகும். அதனால் சீட்டில் 'காலை 8 மணி' என்று தெளிவாகவே இருந்தது. முடிவு 5.1 என்று வந்திருந்தது. மூளை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கலாம், ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படலாம் என்று கேள்விப்பட்டு மாமியார் குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார்.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் 8.00 என்று அச்சாகியிருந்தது. பிஸ்கட்டின் குழாயில் டாக்டரம்மா எழுதிய நேரம் ஞாபகம் வந்தது. "ரத்தம் எடுக்க வந்த பையன் எத்தனை மணிக்கு வந்தான்?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கு வரேன்னான் அண்ணி, வரலை. பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பி, சாம்பாருக்குப் பருப்பு போட்டுட்டு, துணியும் துவைச்சு முடிச்சேன். பதினொண்ணரைக்குக் கொஞ்சம் முன்னாடி வந்தான்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலையே!"

அவர் எப்படிக் கேட்பார்? காகிதம்தான் எட்டு மணி என்று சொல்கிறதே. அந்த ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். பையனும் ஒரு காலையில் எத்தனை வீடு ஏறி இறங்குவானோ. ஆனால் நேரத்தை மாற்றி எழுதுவது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. தாமதமாக வந்ததைவிட, எட்டு மணிக்கே வந்ததாக எழுதியதுதான் பெரிய தவறு. உண்மையான நேரத்தைப் போட்டிருந்தால் டாக்டரே அந்த எண்ணை ஒதுக்கியிருப்பார்.

மறுநாளே நாத்தனாரை அழைத்துப் போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 5.1-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, "நேரில் போய் எட்டு மணிக்குக் கொடுங்கள். அதுவும் குறைவாக வந்தால் ஒரு ஊசி போட்டு, அரைமணி கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்றார். மனிதர்களுக்கும் அதே வைத்தியம், அதே கடிகாரம்! நான் சிரித்ததைப் பார்த்து அவர் காரணம் கேட்டார். மட்டக் குதிரைக் கதையைச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

வேறொரு ஆய்வகத்தில், வேலைநாள் காலை 7.40-க்கே போய் உட்கார்ந்தோம். ரத்தம் எடுத்தது 7.58. நாத்தனாரே சீட்டை வாங்கி, நேரத்தைத் தன் கையால் எழுதினாள். சாயங்காலம் 13.8 என்று வந்தது. அதே ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் ஹீமோகுளோபின் 7.9. மாதாமாதம் ஏழெட்டு நாள் ரத்தப்போக்கை யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். அதற்கு வைத்தியம் தொடங்கியிருக்கிறோம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், மாத்திரை ஆறு மணிக்கு, காபி ஏழரைக்கு என்று சமையலறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாள். ஏழரை வரை காபி இல்லாமல் அவள் படும் பாட்டைத்தான் பார்க்க முடியவில்லை.